பளபளப்பு ஹாலுக்கு, பூஞ்சை பாத்ரூமுக்கு

திருமுடிவாக்கத்தில் சிட்கோ தொழிற்பேட்டையைத் தாண்டி உள்ளே போனால் மனை மனையாகப் புது வீடுகள். அரை கிரவுண்டு, முக்கால் கிரவுண்டு. எல்லாமே ஹவுசிங் லோன் வீடுகள். இப்படி ஒரு வீட்டில் கிரகப்பிரவேசத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது நடக்கிற பேச்சை எல்லோருமே எங்கேயாவது கேட்டிருப்பீர்கள்.

"சார், ஹாலுக்கு ஷைன் போட்டுடலாம் சார். சும்மா கண்ணாடி மாதிரி இருக்கும். வர்றவங்க அசந்துடுவாங்க."

"மத்த ரூமுக்கு?"

"பெட்ரூமுக்கும் அதையே இழுத்துடலாம். கிச்சன், பாத்ரூம்ல டைல்ஸுக்கு மேல கொஞ்சம்தான சார் சுவர் தெரியும்? அதுக்கு டிஸ்டெம்பர் போதும். சீலிங்குக்கும் அதேதான். உங்களுக்குக் காசு மிச்சம்."

சார் தலையாட்டுவார். வீட்டம்மா மட்டும் "கிச்சன்ல தாளிக்கிற புகையெல்லாம் படியுமேண்ணா" என்று இழுப்பார். "அதெல்லாம் பாத்துக்கலாம்க்கா" என்று பதில் வரும். அவ்வளவுதான், முடிந்தது.

இந்தப் பேச்சில் வீட்டம்மா கேட்ட கேள்வியைத் தவிர மற்றதெல்லாம் தலைகீழ். யாரும் தொடாத ஹால் சுவருக்குப் பளபளப்பு, எண்ணெய்ப் புகையும் நீராவியும் அடிக்கிற கிச்சன் பாத்ரூமுக்கு மலிவு டிஸ்டெம்பர்! பளபளப்பு என்பது அந்தஸ்து இல்லை மக்களே, அது ஒரு வேலை. கை படுகிற இடத்தில், தண்ணீர் தெறிக்கிற இடத்தில், அழுக்கைத் துடைக்க வேண்டிய இடத்தில் அது சுவரைக் காப்பாற்றுகிறது. அந்த வேலை இல்லாத இடத்தில் அது வெட்டிச் செலவு. சில இடங்களில் கெடுதலும்கூட.

கலருக்கு வீட்டில் ஒரு மாசம் சண்டை நடக்கும். பீச்சா, லேவண்டரா, வாஸ்துப்படி எந்த மூலைக்கு என்ன கலர் என்று சொந்தக்காரர்கள் வரை பஞ்சாயத்து போகும். மேட்டா, சாட்டினா, க்ளாஸா என்பது மட்டும் அரை நிமிஷத்தில் முடிவாகிவிடும். இத்தனைக்கும் கலர் தப்பாகப் போனால் கண்ணுக்குத்தான் தொந்தரவு. பினிஷ் தப்பாகப் போனால் சுவருக்கே தொந்தரவு.

பளபளப்பு எங்கிருந்து வருகிறது?

பெயிண்ட் டப்பாவுக்குள் முக்கியமாக இருப்பவை மூன்று. நிறம் தருகிற, இடத்தை நிரப்புகிற பொடிகள். அந்தப் பொடிகளைப் பிடித்துச் சுவரில் ஒட்டவைக்கிற பிசின். இரண்டையும் கரைத்து வைத்திருக்கிற தண்ணீர் அல்லது டர்பன்டைன். அடித்த பிறகு திரவம் காய்ந்து பறந்துவிடும். சுவரில் மிஞ்சுவது பொடியும் பிசினும்தான். இந்த இரண்டுக்கும் உள்ள விகிதம்தான் பளபளப்பின் ரகசியம்.

பிசின் அதிகம், பொடி குறைவு என்றால் மேல்பரப்பு வழவழவென்று மூடிக்கொள்ளும். விழுகிற வெளிச்சம் கண்ணாடியில் பட்டது போல ஒரே திசையில் திரும்பும். அது க்ளாஸ். பொடி அதிகம், பிசின் குறைவு என்றால் பொடியின் நுனிகள் மேலே துருத்திக்கொண்டு நிற்கும். வெளிச்சம் நாலா பக்கமும் சிதறும். அது மேட். சாட்டினும் செமி க்ளாஸும் இந்த இரண்டுக்கும் நடுவில்.

மற்ற குணங்களெல்லாம் இதிலிருந்தே வருகின்றன. மூடிய பரப்பு என்பதால் க்ளாஸில் எண்ணெய் உள்ளே இறங்காது, ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். ஆனால் சுவருக்குள் ஈரம் இருந்தால் அது வெளியேறுவதும் கஷ்டம். மேட்டில் நுண்ணிய துளைகள் இருப்பதால் ஈரம் கொஞ்சம் சுலபமாக வெளியேறும். அதே துளை வழியாகக் கறை உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். அழுத்தித் தேய்த்தால் தேய்த்த இடம் மட்டும் மினுமினுத்துத் திட்டாகத் தெரியும்.

இதை அளக்கவும் கருவி இருக்கிறது. சுவருக்கு 60 டிகிரி சாய்வில் வெளிச்சத்தை அடித்து எவ்வளவு திரும்புகிறது என்று பார்க்கிற க்ளாஸ் மீட்டர். வட அமெரிக்காவில் மாஸ்டர் பெயின்டர்ஸ் இன்ஸ்டிட்யூட் என்ற அமைப்பு இதை வைத்து 7 படிகளாகப் பிரித்திருக்கிறது. அசல் மேட் என்றால் 5 அலகுக்கு மேல் போகக் கூடாது. சாட்டின் 20 முதல் 35. செமி க்ளாஸ் 35 முதல் 70. உச்சபட்ச க்ளாஸ் 85க்கும் மேல். இங்கே கடையில் நீட்டுகிற கலர் கார்டில் என்ன இருக்கிறது? ரிச் ஷீன், சாஃப்ட் ஷீன், பேர்ல், சில்க் என்று புடவைக் கடை மாதிரி பெயர்கள் :-) ஒரு கம்பெனியின் சாட்டினும் இன்னொரு கம்பெனியின் சாட்டினும் ஒன்றா என்று அந்த அட்டையை வைத்துச் சொல்ல முடியாது. பேரைப் பார்த்து வாங்காமல் ஒரு சின்ன டப்பா வாங்கிச் சுவரில் அடித்துப் பகலிலும் ராத்திரியிலும் பார்ப்பதுதான் ஒரே வழி.

தாத்தா காலத்துப் பளபளப்பு

பளபளக்கும் சுவர் மீதான மோகம் புதுசு இல்லை. 18ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த ஆங்கிலேயர்கள் வாய் பிளந்து எழுதிவைத்த விஷயங்களில் ஒன்று 'மெட்ராஸ் சுண்ணம்'. கடல் கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பை நைஸாக அரைத்து, பல பூச்சாகப் பூசி, கடைசிப் பூச்சை வழவழப்பான கல்லால் மணிக்கணக்கில் தேய்ப்பார்கள். சலவைக்கல் போல மின்னும். செட்டிநாட்டு வீடுகளில் முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்துப் பூசிய சுவர்கள் இன்றும் கை வைத்தால் ஜில்லென்று வழுக்குகின்றன.

"பார்த்தீர்களா, அந்தக் காலத்திலேயே ஹாலுக்குப் பளபளப்புதானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பளபளப்பு சுவரின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தோல் இல்லை. சுண்ணாம்புச் சுவரையே தேய்த்து எடுத்த பளபளப்பு. சுண்ணாம்பு வழியாக ஈரம் போய் வரும். அடியில் இருந்ததும் சுண்ணாம்பு, மேலே இருந்ததும் சுண்ணாம்பு, இரண்டும் சேர்ந்தே மூச்சு விட்டன. இன்றைய ஹாலில் அடியில் சிமெண்ட், அதன் மேல் பட்டி, அதன் மேல் பிரைமர், அதன் மேல் பிசின் தோல். தோற்றம் ஒன்றுபோல இருக்கலாம், உள்ளே நடப்பது ஒன்று இல்லை.

சாதாரண வீடுகளுக்கு அந்தச் சுண்ணமும் கிடையாது. பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பில் கொஞ்சம் நீலமும் பசையும் கலந்து மட்டையால் அடிப்பார்கள். துளிப் பளபளப்பு இருக்காது. முதுகு சாய்த்து உட்கார்ந்தால் சட்டையெல்லாம் வெள்ளை. ஆனாலும் கூடத்தில் கண் கூசாது.

முதல் தப்பு: ஹால்

இந்தப் பக்கத்து வீடுகளில் டியூப் லைட் எங்கே மாட்டுகிறார்கள்? சுவரிலேயே, சீலிங்குக்கு ஒரு அடி கீழே. அங்கிருந்து வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டே கீழே இறங்குகிறது. சாய்ந்து விழுகிற வெளிச்சத்தில் ஒரு மில்லிமீட்டர் மேடும் மலை மாதிரி நிழல் காட்டும். பட்டி போட்டவர்கள் சுவர் சமமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பல்பைச் சுவரோரமாகப் பிடித்துப் பார்ப்பது இதற்காகத்தான். அப்படிப்பட்ட பல்பை வீட்டுக்காரர் நிரந்தரமாகவே மாட்டிவைத்திருக்கிறார், அதற்குக் கீழே ஷைன் பெயிண்டும் அடித்திருக்கிறார்! கொத்தனாரின் மணியாசுக்கட்டை போன தடம், ஒயரிங்குக்கு வெட்டி அடைத்த காடி, பட்டி இழுத்த கோடு எல்லாம் ராத்திரி ஏழு மணிக்கு ஊர்வலம் வரும். பளபளப்புக்குச் சுவர் கண்ணாடி மாதிரி சமமாக இருக்க வேண்டும். அதற்கு இன்னும் ஒரு கோட் பட்டி, இன்னும் ஒருமுறை உப்புத்தாள், இன்னும் இரண்டு நாள் கூலி. கலர் கார்டில் இந்தச் செலவு இருக்காது.

மேட் அப்படி இல்லை. வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் சுவரின் சின்னச் சின்னக் குறைகளை அதுவே மறைத்துவிடும்.

இன்னொன்று. காலண்டர் மாட்ட ஆணி அடித்து, அப்புறம் இடம் மாற்றுகிறார்கள். மேட் சுவரில் ஓட்டையை அடைத்து மிச்சம் வைத்த பெயிண்டைத் தொட்டு வைத்தால் ஓரளவுக்குக் கலந்துவிடும். ஷைன் சுவரில் தொட்டு வைத்த இடம் தனியாகப் பல்லிளிக்கும். மூலைக்கு மூலை முழுச் சுவரையும் திரும்ப அடித்தால்தான் சரியாகும்.

"ஷைன் போட்டால் ரூம் வெளிச்சமாக இருக்கும்" என்று ஒரு வாதம் சொல்வார்கள். அறை எவ்வளவு வெளிச்சமாக இருக்கும் என்பதை முடிவு செய்வது கலர்தான், பளபளப்பு இல்லை. வெள்ளை மேட் சுவர் விழுகிற வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் திருப்பித் தருகிறது, அதையும் அறை முழுக்கப் பரப்பித் தருகிறது. ஷைன் சுவர் ஜன்னலையும் டியூப் லைட்டையும் பிரதிபலித்து ஒரே இடத்தில் கண்ணைக் குத்தும். டிவிக்குப் பின்னால் இருக்கிற சுவரில் இதை நன்றாகப் பார்க்கலாம்.

இரண்டாவது தப்பு: சீலிங்

எல்லா சீலிங்குக்கும் ஒரே டிஸ்டெம்பர் என்பதும் தப்பு, ஹாலைப் பார்த்து ஆசைப்பட்டு பெட்ரூம் சீலிங்குக்கும் ஷைன் இழுப்பது அதைவிடத் தப்பு. கான்கிரீட் தளத்துக்குக் கீழே சென்டரிங் பலகை சேர்ந்த இடமெல்லாம் வரி வரியாக இருக்கும். பூசினாலும் முழுசாகப் போகாது. ஷைன் அடித்தால் அத்தனை வரியும் தெரியும். பெட்ரூம், ஹால் சீலிங்குக்கு நல்ல மேட் எமல்ஷன் போதும். பாத்ரூம் சீலிங் கதை வேறு, அது அப்புறம்.

சீலிங்கை யார் பார்க்கிறார்கள் என்று யோசித்தால் விஷயம் புரியும். பின்லாந்தில் பைமியோ என்ற ஊரில் 1933இல் திறந்த காசநோய் மருத்துவமனையைக் கட்டியவர் ஆல்வார் ஆல்டோ. சாதாரண அறை நிற்கிற மனுஷனுக்காகக் கட்டப்படுகிறது, நோயாளியின் அறையைப் படுத்திருக்கிற மனுஷனுக்காகக் கட்ட வேண்டும் என்பது அவர் வாதம். அதனால் சீலிங்குக்குக் கண்ணை உறுத்தாத அடங்கிய நிறம் கொடுத்தார், விளக்கைப் படுத்திருப்பவர் கண்ணில் படாத இடத்துக்கு மாற்றினார். அதே காசநோய்க்காக 1928இல் தொடங்கிய மருத்துவமனையின் பெயரைத்தான் தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையம் இன்றும் சுமக்கிறது. தினமும் அந்த ஸ்டேஷனைத் தாண்டி வீட்டுக்குப் போய் மல்லாக்கப் படுப்பவர்கள் ஒரு நிமிஷம் தங்கள் சீலிங்கைப் பார்க்கலாம்.

பளபளப்பு உண்மையில் எங்கே வேண்டும்?

கிச்சன். மேடைக்கு மேல் இரண்டு அடி டைல்ஸ் ஒட்டிவிட்டு அதற்கு மேல் டிஸ்டெம்பர் அடித்த கிச்சனை இரண்டு வருஷம் கழித்துப் பாருங்கள். தாளிப்பு எண்ணெய் மேட் துளைக்குள் இறங்கி, அதன் மேல் தூசி ஒட்டி, பழுப்பு மஞ்சளாக ஒரு மேப் வரைந்திருக்கும். துடைத்தால் அழுக்கோடு டிஸ்டெம்பரும் கையோடு வரும். இங்கேதான் சாட்டின் வேண்டும், அடுப்புக்கு நேர் மேலே செமி க்ளாஸ்கூட வேண்டும்.

பாத்ரூம். டைல்ஸுக்கும் சீலிங்குக்கும் நடுவில் இருக்கிற அந்த ஒன்றரை அடிதான் வீட்டிலேயே அதிகம் கஷ்டப்படுகிற சுவர். வெந்நீர் ஆவி மேலே போய் அங்கேதான் தண்ணீராகிறது. ஒரு சின்ன வென்டிலேட்டர், கடல் காற்று ஊரின் ஈரப்பதம், அதன் மேல் டிஸ்டெம்பர். ஐப்பசி கார்த்திகையில் கறுப்புப் புள்ளி பூக்காமல் என்ன செய்யும்? அங்கேயும் பாத்ரூம் சீலிங்குக்கும் பூஞ்சை எதிர்ப்பு கலந்த செமி க்ளாஸ் எமல்ஷன்தான் சரி. மொத்தமே ஒரு லிட்டர், இரண்டு லிட்டர்தான் ஆகும். அதில் மிச்சம் பிடித்துத்தான் ஹாலுக்கு வாரி இறைக்கிறார்கள்.

பூஜை மூலை. விளக்குப் புகையும் கற்பூரக் கரியும் தினமும் படிகிற இடம், சாட்டின். மாடிப்படிச் சுவர், குறுகலான நடை, சுவிட்ச் போர்டைச் சுற்றி இருக்கிற ஒரு அடி, குழந்தைகள் ரூமில் அவர்கள் கை எட்டுகிற உயரம் எல்லாமே சாட்டின். கதவு, ஜன்னல் கிரில்லுக்கு எனாமல் க்ளாஸ். இதில் யாருக்கும் சண்டை இல்லை.

எனாமல் என்றதும் ஒரு எச்சரிக்கை. பளபளப்பான பழைய எனாமல்களில் ஈயம் கலப்பது ரொம்ப காலம் சாதாரணமாக நடந்தது. வீட்டுப் பெயிண்டுகளில் ஈயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் போகவிடாத மத்திய அரசு விதிகள் 2016இல் வந்து, 1 நவம்பர் 2017 முதல்தான் அமலுக்கு வந்தன. அதற்கு முந்தைய கதவு ஜன்னல் உள்ள வீட்டில் பழைய பெயிண்டைக் காய்ந்தபடியே உப்புத்தாளால் சுரண்டி, அந்தத் தூசியைக் குழந்தை தவழ்கிற தரையில் விடாதீர்கள். நனைத்துத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

கிண்டல் செய்த சுவர்தான் சரியான சுவர்

அரசாங்க ஆஸ்பத்திரி, முனிசிபல் ஸ்கூல், போலீஸ் ஸ்டேஷன் சுவர் ஞாபகம் இருக்கிறதா? நெஞ்சு உயரம் வரைக்கும் ஒரு அழுத்தமான கலரில் ஆயில் பெயிண்ட். அதற்கு மேல் ஒரு கோடு. கோட்டுக்கு மேல் சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ. புது வீட்டில் யாராவது இப்படிச் செய்யலாம் என்றால் "என்ன ஆஸ்பத்திரி மாதிரி?" என்று சிரிப்பார்கள்.

ஆனால் இத்தனை பேச்சுக்கும் விடை அந்தச் சுவரிலேயே இருக்கிறது. கை படுவது, முதுகு சாய்வது, நாற்காலி உரசுவது, துடைப்பம் போட்டுக் கழுவும்போது தண்ணீர் தெறிப்பது எல்லாம் அந்தக் கோட்டுக்குக் கீழேதான். அங்கே பளபளப்பு. அதற்கு மேல் யாரும் தொடப் போவதில்லை, அங்கே மலிவான மேட். விருந்தாளி வருவாரா என்று அந்தச் சுவர் கேட்கவே இல்லை. எத்தனை பேர் கை படும் என்று மட்டும் கேட்டது. அந்தக் கலர்கள் வேண்டுமானால் சகிக்காமல் இருக்கலாம், அந்தக் கணக்கில் தப்பே கிடையாது. ஒரே கலரில் கீழே சாட்டின், மேலே மேட் என்று செய்தால் இன்றைய வீட்டிலும் அழகாகவே இருக்கும்.

ஈரம் காயாத சுவருக்கு எந்தப் பளபளப்பும் ஆகாது

புதுச் சிமெண்ட் பூச்சு கடுமையான காரத்தன்மை உள்ளது. பிஹெச் அளவு 12, 13 வரை போகும். அதன் மேல் ஆயில் பெயிண்ட் அடித்தால் எண்ணெயும் காரமும் சேர்ந்து என்ன ஆகும்? பள்ளிக்கூட வேதியியல்தான், சோப்பு! பெயிண்ட் பிசுபிசுத்து உரிந்து வருவதற்கு அதுவும் ஒரு காரணம். பூசிய பிறகு குறைந்தது 28 நாளாவது சுவரை விட வேண்டும் என்பது பொது விதி. முகூர்த்தத் தேதி குறித்துவிட்டு ஓடுகிற வீட்டில் 28 நாளுக்கு எங்கே போவது?

இந்தப் பக்கத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. 2015 டிசம்பர் 1ஆம் தேதி பெய்த மழையில், மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானது. அடையாறு கரை தாண்டி முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் முழுகின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது திரும்பவும் அதே பக்கங்களில் தண்ணீர். டிசம்பரில் வெள்ளம், ஜனவரியில் பொங்கல். நடுவில் ஆறு வாரம். வெள்ளத்தில் ஊறிய 9 இன்ச் செங்கல் சுவர் காய ஆறு வாரம் பத்தாது, மாசக்கணக்கில் ஆகும். "பொங்கலுக்குள் வீட்டைப் பழையபடி ஆக்கிவிட வேண்டும்" என்ற ஆசை புரிகிறது. ஆனால் ஈரச் சுவர் மேல் ஷைன் அடிப்பது கொதிக்கிற சட்டிக்கு இறுக்கமாக மூடி போடுவது மாதிரி. உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வர வழி தேடிப் பெயிண்டைக் கொப்புளமாகத் தூக்கும். கூடவே உப்பும் பூக்கும்.

சோதித்துப் பார்க்கக் காசு செலவில்லாத வழி இருக்கிறது. ஒரு அடிக்கு ஒரு அடி பாலிதீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் ஒரு நாள் விடுங்கள். சுவர்ப் பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் சுவர் இன்னும் ரெடி இல்லை. தாழ்வான மனையில் கீழ்த்தளச் சுவருக்குக் காயும் வரை வெறும் சுண்ணாம்போடு விட்டுவைத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

இதில் நஷ்டப்படுவது யார்?

சொந்த வீட்டுக்காரர் தப்பு செய்தால் அவர் பணம், அவர் கஷ்டம். வாடகை வீட்டில்தான் கணக்கு அநியாயமாகிறது. சிட்கோவில் வேலை பார்ப்பவர்களை நம்பிக் கட்டிய வரிசை வீடுகளில் உரிமையாளர் மலிவான டிஸ்டெம்பரை வீடு முழுக்க, கிச்சன் உள்பட, அடித்துவிடுவார். குடித்தனக்காரர் வீட்டில் சமைப்பார்கள், குழந்தை சுவரைப் பிடித்து நடை பழகும். துடைக்க முடியாத சுவரில் கறை ஏறும். காலி பண்ணும்போது "பெயிண்டிங்குக்கு ஒரு மாச வாடகை" என்று அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்கள். வாடகை 9,000 என்று வைத்துக்கொண்டால் 9,000 போச்சு. மலிவான பினிஷைத் தேர்ந்தெடுத்தவர் ஒருவர், அதற்கு விலை கொடுப்பவர் இன்னொருவர். செலவை மிச்சப்படுத்தியதாகக் கணக்கு எழுதுகிறவர் உண்மையில் அதை அடுத்தவர் தலையில் மாற்றி எழுதியிருக்கிறார்.

இத்தனைக்கும் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், பராமரிப்பு வேலைகளைப் பிரித்துக் கொடுக்கிற அட்டவணையில், சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதையும் உரிமையாளர் பக்கம்தான் வைக்கிறது. குடிபோகும்போது போடுகிற ஒப்பந்தத்தில் பெயிண்டிங் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உரிமையாளர்களுக்கும் லாபமான வழி இருக்கிறது. கிச்சனுக்கும் கை எட்டுகிற உயரத்துக்கும் மட்டும் சாட்டின் அடித்தால், ஆள் மாறும்போதெல்லாம் முழு வீட்டையும் அடிக்க வேண்டியதில்லை. ஒரு வாளித் தண்ணீரும் துணியும் போதும்.

இதற்கெல்லாம் பெயிண்டர் அண்ணன்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. வாளிக்குள் டோக்கன் வைத்து, இப்போது க்யூஆர் கோடு வைத்து, எந்த டப்பாவைத் திறந்தால் அவருக்கு எவ்வளவு என்று தீர்மானிப்பது கம்பெனிகள். தினக்கூலிக்காரர் ஒருவருக்கு அது பெரிய காசு. சில பேர் அதையும் மீறி நல்ல யோசனை சொல்கிறார்கள் என்பதுதான் ஆச்சரியம். ஆனால் வீட்டுக்காரர் கேள்வியே கேட்காமல் தலையாட்டினால் அந்த டோக்கன்தான் ஹால் சுவரின் பினிஷை முடிவு செய்யும்.

"இப்போது கழுவக்கூடிய மேட் வந்துவிட்டதே, எல்லா ரூமுக்கும் அதையே அடித்துவிடலாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. வந்திருக்கிறது, உண்மைதான். விலை உயர்ந்த மேட் எமல்ஷன்கள் பழைய டிஸ்டெம்பரைவிடப் பல மடங்கு துடைப்பைத் தாங்குகின்றன. ஹாலில் கை எட்டுகிற உயரத்துக்கு அது அருமை. ஆனால் அடுப்புக்கு மேலேயும் பாத்ரூம் சீலிங்கிலும் இன்னும் மூடிய பரப்புதான் ஜெயிக்கிறது. ஷைன்தான் பிடிக்கும், ஹாலில் வேண்டும் என்றால் தாராளமாக அடியுங்கள், யாரும் தடுக்கப் போவதில்லை. முதலில் பாத்ரூமுக்கும் கிச்சனுக்கும் வாங்கிவிட்டு, மிச்சக் காசில் அடியுங்கள். டியூப் லைட்டையும் சுவரிலிருந்து தள்ளி மாட்டுங்கள்.

ஆக ஒவ்வொரு சுவருக்கு முன்னாலும் நின்று மூன்றே கேள்வி. இங்கே கை படுமா? இங்கே ஈரம் வருமா, வெளியிலிருந்தா உள்ளிருந்தா? இங்கே வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது? கை படும், ஈரமோ எண்ணெயோ வெளியிலிருந்து தெறிக்கும் என்றால் சாட்டின் அல்லது செமி க்ளாஸ். ஈரம் சுவருக்குள்ளிருந்தே வருகிறது என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், அதுவரை பளபளப்பு வேண்டாம். கையும் இல்லை, ஈரமும் இல்லை, வெளிச்சம் சுவரை உரசி விழுகிறது என்றால் மேட்.

"கிச்சன்ல தாளிக்கிற புகையெல்லாம் படியுமேண்ணா" என்று வீட்டம்மா இழுத்தாரே, அந்த வீட்டில் சரியான இடத்தில் கேள்வியை ஆரம்பித்தவர் அவர் ஒருத்தர்தான். அடுத்த தடவை அப்படி ஒரு குரல் கேட்டால் "பாத்துக்கலாம்க்கா" என்று தாண்டிப் போகாமல், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு அப்புறம் கலர் கார்டைத் திறக்கட்டும்.